கடித்தால்தான் பேசுவார்கள்

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாக்கட்டை புடவையின் உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. எங்கள் வீட்டுத் தறியில் அப்பா நடுவில் உட்காருவார், கரை நாடாவை வீச அம்மா வலப்பக்கம். தோளும் தோளும் உரசும். அப்படி ஒட்டி உட்கார்ந்துகொண்டே இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள் பாருங்கள், அந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்குத் தம்பி வருவான் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். அதன்பிறகு வீட்டில் தம்பிப் பேச்சும் இல்லை, வேறு பேச்சும் இல்லை. இருந்த கொஞ்சமும் என் வழியாகத்தான்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறிக்கினு இருக்குதுன்னு.”

“உங்கம்மாவ மெதுவா வீசச் சொல்லுமா, கரை இழுக்குது.”

நடுவில் ஒரு முழம்கூட இல்லை! காதுதான் கேட்கிறதே, அப்புறம் நான் எதற்கு? வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்து எழுந்து, மூன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தபால்காரி உத்தியோகம். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் பக்கத்து பெஞ்சுக்காரி, “உங்கம்மா ஏன்டி சிரிக்கவே மாட்டறாங்க?” என்று கேட்டாள். அவள் கையைக் கடித்துவைத்தேன்.

மிஸ் அப்பா, அம்மா இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். வழி முழுக்க எனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

“நல்லா இருந்த பொண்ணாச்சே, வீட்ல எதுனா பிரச்சனையா?” என்று மிஸ் கேட்டதும், இருவரும் ஒரே நேரத்தில், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ்” என்றார்கள்.

எத்தனை நாள் கழித்து இருவர் வாயும் சேர்ந்து திறந்தது! எனக்கு வழி தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் அதே கையை மறுபடி கடித்தேன். பாவம், அவள்.

இந்த முறை மிஸ்ஸைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கையை ஓங்கினாள். “மானத்த வாங்குறியே, உனக்கு இன்னாடி கொறச்சல்?”

அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “அவள வுடு. நம்மளத்தான பாத்துக்கினு கீறா.”

என்னிடம் இல்லை, நேராக அம்மாவிடம். அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவும் அழுதார். எனக்கு வந்ததே எரிச்சல்! இவ்வளவு பாடுபட்டுப் பேசவைத்தால், சண்டை தீர்ந்தவர்கள் சிரிக்க வேண்டாமா?

அவர்கள் சண்டையே போடவில்லை. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தை தம்பியைப் பற்றி வந்துவிடும் என்று இருவருமே பயந்துகிடந்தார்கள். அது எனக்கு எங்கே தெரியும்? மறுநாள் காலை தறியில், “கொஞ்சம் மெதுவா வீசு” என்று அப்பா அம்மாவிடமே சொன்னார். என் உத்தியோகம் போயிற்று என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.