மொட்டைத் துப்பாக்கிக்கு ஒரு ஈட்டி

அண்ணன் வீட்டுச் சுவரில் ஒரு பழைய துப்பாக்கி மாட்டியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கோலார் தங்கச் சுரங்கத்தை நடத்திய காலத்தில் காவல் படையில் இருந்த எங்கள் தாத்தா தோளில் சுமந்தது. குழாயில் ஈயம் ஊற்றி அடைத்து, இனி இது சுடாது என்று காகிதமும் எழுதிக் கொடுத்த பிறகுதான் போலீசார் அதை வீட்டில் வைக்க விட்டார்கள்.

அதன் முனையில் மாட்டுகிற ஈட்டியை, பயனெட் என்பார்கள், தொலைத்தவன் நான். சுரங்கம் மூடிய சமயம் சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் கையில் அகப்பட்ட இரும்பையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பரண்மேல் மூன்று பட்டையாய், அடியில் சின்னக் குழாய் வைத்து ஒன்று கிடந்தது. உடைந்த கடப்பாரை முனை என்று நினைத்து அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மாவின் காரியத்தன்றுகூட எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் போவேன். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும்போது போட்ட ஷாஃப்ட் தொப்பி, விளக்கு, அண்ணனின் ஸ்பானர்கள், நடுவில் துப்பாக்கி. அண்ணன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். துப்பாக்கிக்கு மட்டும் ஈட்டி இல்லாத அந்த வெற்று முனையில், சுற்றிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். நான் கதவோரம் நின்று கும்பிட்டுவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்த வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து கோலார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்திருந்தார். நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வரும் வழியில் பங்காருபேட்டை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். முருகா, வேறு எதுவும் கேட்கவில்லை. என் அண்ணன் வாயிலிருந்து ஒரு 'டா' வர வேண்டும். அந்த ஈட்டிக்கு இன்னொன்றை நான் தேடிப் பிடிக்கிறேன், நீ கூட இரு.

துப்பாக்கி இருப்பது அண்ணன் வீட்டில். அளவெடுக்க நான் எப்படிப் போவது? அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மொட்டை போட்டுக்குனு எத்தினி வருசமா தொங்குது பாவம். பழனிக்கு வேண்டிக்கிச்சோ இன்னாவோ!" அண்ணன் தூங்கும்போது ஒரு மஞ்சள் கயிற்றைக் குழாய் முனையில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கழற்றி, போட்டோவும் எடுத்து அனுப்பினார். அந்தக் கயிற்று வளையத்துக்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி, குழாய் முனையின் பருமனுக்கு ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, திருநீற்றுப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வேலை பெங்களூரில்தான். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பழைய சாமான் விற்கும் சந்துகளில் தேடி, கடைசியில் ஒரு பாயின் கடையில் அதே மாதிரி மூன்று பட்டை ஈட்டியைப் பார்த்தேன். குச்சியை அதன் குழாயில் விட்டேன். நுழையவில்லை.

அடுத்த ஞாயிறு பாய் வேறொன்று வரவழைத்திருந்தார். அதிலும் நுழையவில்லை. மூலையில் கிடந்த இன்னொரு ஈட்டியின் வளையத்தில் குச்சி சுலபமாகப் போனது. அதைக் கொடுங்கள் என்றேன். பாய் கொடுக்கவில்லை.

"அது வேற துப்பாக்கியோடது சார். போட்டோ பாத்தேன் இல்ல? உங்க துப்பாக்கிக்கு இந்த மூணு பட்டைதான்."

"அளவு சேரலியே பாய்."

"உங்க குச்சி இன்னா கம்பெனில செஞ்சதா? தைரியமா எடுத்துக்குனு போங்க. சேரலைன்னா திருப்பிக் குடுங்க."

குச்சியை நம்புவதா, பாயை நம்புவதா? திருநீற்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு ஈட்டியை வாங்கி வந்தேன்.

ஆயுத பூஜையன்று காலையிலேயே போய்விட்டேன். துண்டில் சுற்றியிருந்ததை அண்ணன் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் துண்டைப் பிரித்தார். துப்பாக்கியை மடியில் கிடத்தி முனையில் மாட்டினார். ஏறவில்லை. திருப்பி மாட்டினார். ஏறவில்லை. பாயின் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேல்.

அண்ணன் ஈட்டியை எடுத்துவிட்டு முனையை விரலால் தடவினார். நகத்தால் சுரண்டினார். மஞ்சளாய் ஒரு செதில் உதிர்ந்தது. அதன் அடியில் சிவப்பு, அதன் அடியில் மறுபடி மஞ்சள். வருஷா வருஷம் அவர் பூசிய சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து இறுகி, இரும்போடு இரும்பாய் நின்றிருந்தது. அண்ணி அதன் மேல்தான் கயிற்றைச் சுற்றியிருக்கிறார்.

அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"இன்னாடா பாத்துக்குனு நிக்கற? வெந்நி கொண்டா."

நான் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு முன்னால் நின்றவனுக்கு எதற்கு வந்தோம் என்பது மறந்துபோனது. அண்ணி பாத்திரத்தை என் கையில் திணித்தார். "உங்க அண்ணன் வெந்நிதான் கேட்டாரு, கண்ணீரு கேக்கல. போங்க."

நான் தண்ணீரை ஊற்ற ஊற்ற அண்ணன் துணியால் தேய்த்தார். சந்தன வாசனை வீடெல்லாம் பரவியது. கடைசியில் கறுத்த இரும்பு தெரிந்தது. ஈட்டியை வைத்து அழுத்தி ஒரு திருப்புத் திருப்பினார். டக்கென்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை.

"பழசு மாதிரியே இருக்குதா?" என்று கேட்டேன்.

"அதுல நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கும். இது நேரா இருக்குது." நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்."

துப்பாக்கியைத் தொப்பிக்குப் பக்கத்தில் கிடத்தினார். எப்போதும் தானே பொட்டு வைக்கிறவர், அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"கட்டைல வைடா. குழாய்ல வெச்சே, அவ்ளோதான்."

துப்பாக்கியின் மரக் கட்டையில் வைத்தேன். பொட்டு கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. அவர் அதன் நடுவில் குங்குமம் வைத்தார்.