விசிறி கேட்டவனுக்கு நெல்லிச்சாறு

காலி மனையில் முருங்கை தழைத்திருந்தால் போதும், கார்முகில் வண்டியை ஓரங்கட்டிவிடுவான். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற வழியில் எந்த மனையில் எந்த மரம் என்பது அவனுக்கு அத்துப்படி. எட்டிய கொப்பை ஒடித்துச் சாப்பாட்டுப் பையில் திணிப்பான். கேட்டால், "மருந்துபா" என்பான். எதற்கு மருந்து என்பதையும் கூசாமல் சொல்வான்.

வண்டி உதிரிபாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் ஸ்ப்ரே வேலை. பெயிண்டில் கலக்கிற தின்னரின் நெடி தலைமுடியிலேயே குடியிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லை. ஏச்செல்லாம் மனைவி செந்தாமரைக்கு. ஸ்கேன், ஊசி, விரதம் எல்லாம் அவளுக்கே. வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடுவதையும் சொந்தக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டரம்மாதான் அவன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். பரிசோதனையில் விந்தணு குறைவு. அந்த நெடி காரணமாக இருக்கலாம், கீரையும் நெல்லியும் கொய்யாவும் ஓரளவு கைகொடுக்கும், ஆனால் முதலில் நெடியை விட்டு விலகுங்கள் என்றார்.

அன்றே அம்மாவுக்குப் போன் போட்டான். "கொறை எங்கிட்ட கீது. இனிமே அவள ஒரு வார்த்த சொல்லாத." அவன் பேசி முடிப்பதற்குள் செந்தாமரை தன் மாத்திரை அட்டைகளை எல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டியிருந்தாள்.

பெயிண்ட் அறையில் நெடியை வெளியேற்றும் விசிறி பழுதாகி மாதக்கணக்காகிறது. சரிபண்ணச் சொன்னான். பெயிண்ட் இல்லாத வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டான். "நானும் இந்த நெடியிலதானய்யா இருந்தேன்? எனக்கு ரெண்டு புள்ளைங்க இல்லியா?" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

விசிறி வரவில்லை. நெல்லிச்சாறு வந்தது. 'ஆரோக்கிய வாரம்' என்று பேனர் கட்டி, ஆளுக்கொரு டம்ளர். போட்டோவுக்கு மேலாளர் தமிழ்வாணன் வந்தார். "இதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு. கெமிக்கல் ஒண்ணும் பண்ணாது" என்று கார்முகில் கையில் டம்ளரைத் திணித்தார்.

அவனுக்குக் காதுமடல் சிவந்தது. "கீரை, நெல்லிக்காய் எல்லாம் வூட்ல நானே துன்னுகினுதான் சார் கீறேன். ஃபேனைத்தானே கேட்டேன்? நீங்க உள்ள விஷத்த ஏத்திகினே இருப்பீங்க, நான் கீரையத் துன்னு கழுவிகினே இருக்கணுமா?"

போட்டோ எடுக்க வந்தவர் செல்போனை இறக்கினார்.

கார்முகில் இன்னொரு டம்ளரை எடுத்து மேலாளரிடம் நீட்டினான். "வாங்க சார், உள்ள நின்னு ரெண்டு பேரும் குடிப்போம்." பெயிண்ட் அறைக் கதவைத் திறந்தான். குப்பென்று நெடி அடித்தது. தமிழ்வாணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கார்முகில் கதவை மூடவில்லை. முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு, டம்ளரை நீட்டியபடியே நின்றான்.