திரும்பி வரும் குழாய்

கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்குச் சோலார் வெந்நீர் வசதி செய்துகொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். நானே வரைந்து முடித்த முதல் வேலை அது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வெந்நீர் எட்டுக் குளியலறைகளையும் சுற்றி, பம்பு இழுக்க, மறுபடி தொட்டிக்கே வரும். அப்படிச் சுற்றினால்தான் எங்கே திறந்தாலும் உடனே சூடாக வரும்.

அந்த வீட்டுக் காவல்காரர், திரும்பி வரும் குழாயின் வால்வைத் தினமும் மூடிவைத்தார். கடைசிக் குளியலறையில் பச்சைத் தண்ணீர் வருவதாக இரண்டு முறை புகார். மூன்றாவது வந்தால் இந்த வேலை உனக்கில்லை என்றார் எங்கள் கம்பெனி முதலாளி. நாலு நாளில் அங்கே கல்யாணம்.

"அண்ணே, மூடாதீகன்னு எத்தன தடவ சொல்றது?"

பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அவர் புறங்கையால் குழாயைத் தொட்டார். எப்போதும் அப்படித்தான். "போகயில சுடுது, வரயில ஆறிப்போகுது. யாரும் குளிக்கவும் இல்ல. சூட்ட யாரு தின்னா?"

"அது அப்படித்தாண்ணே வரும்!"

"படிச்சவுக சொல்றீக."

எரிச்சலில் வால்வைத் திறந்துவிட்டு, கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் பயந்துகொண்டே போனேன். எட்டிலும் வெந்நீர் வந்தது. பின்கட்டு வெட்டவெளியில் திரும்பி வரும் குழாய் முழுக்கச் சாக்கைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார் காவல்காரர்.

"மூடத்தான் விடமாட்டேங்கிறீக. போர்த்தியாச்சும் விடுவோம்னு."

அந்த இடத்தில் சூடு போகாமலிருக்க உறை போட மறந்தவள் நான்தான். கைப்பிடியை எடுத்து நீட்டினேன்.

"இனிமே இது எதுக்கு?" என்றார்.