மூன்றாவது மோட்டார்

அந்தத் தெருவில் அவளுக்கு மணல் வாளி என்று பெயர். வைத்தவள் தம்பி மனைவி. பேட்டரி தீப்பிடித்தால் கொட்டி அணைக்க, பால்கனியில் எப்போதும் இரண்டு வாளி நிறைய மணல் இருக்கும். அது பக்கத்தில் இல்லாமல் அவள் எந்த ட்ரோன் பேட்டரியையும் சார்ஜில் போட மாட்டாள்.

"எங்க வீட்ல குளிக்கத் தண்ணி இருக்குதோ இல்லையோ, மணல் இருக்கும்" என்று தம்பி மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வயது நாற்பத்தாறு. கணவன் வேறொருத்தியோடு போன பிறகு ஒரே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். தம்பி கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன். ஒன்பது வருடத்துக்கு முன் முதல் ட்ரோன் வாங்கியபோது, துடைத்து வைக்கத்தான் அவளிடம் கொடுத்தான். கூட வந்த கையேட்டை அவள் மூன்று முறை படித்தாள். இரண்டாவது வருடம் மோட்டார் மாற்றினாள், விட்டுப்போன ஒயர்களை ஈயம் உருக்கி ஒட்டிச் சாலிடர் வைத்தாள். வாடிக்கையாளர்களிடம் தம்பி, "எங்க டெக்னீஷியன் ஒருத்தர் இருக்கார், பாத்துக்குவார்" என்பான். எங்கள் அக்கா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பேட்டரிகள் மொத்தம் ஆறு. ஒவ்வொன்றிலும் நகப்பாலிஷால் எண் போட்டிருந்தாள். பறந்து வந்த சூடு ஆறாமல் எதையும் சார்ஜில் போட மாட்டாள். வேலை இல்லாத வாரத்தில் எதிலும் பாதிக்கு மேல் சார்ஜ் நிற்க விடமாட்டாள். காலையில் ஒவ்வொன்றையும் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து விரலால் சுண்டிவிடுவாள். நல்லது அப்படியே கிடக்கும். வயிறு உப்பியது சுற்றும். சுற்றியதை அன்றே மணல் போட்ட இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பழைய மின்சாமான் சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

மோட்டார் விஷயத்தில் இன்னும் கறார். வீட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பதென்றால் முதலில் நான்கு றெக்கையையும் கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் ட்ரோனில் பேட்டரி ஏறும். றெக்கை இல்லாத மோட்டாருக்குக் காற்று கிடைக்காது, சீக்கிரம் சூடேறும். அதனால் பத்து எண்ணுவதற்குள் நிறுத்தி, பேட்டரியை உருவி, ஒவ்வொரு மோட்டார்மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"சேவல உரிச்சிட்டு கூவச் சொல்றா எங்கக்கா" என்பான் தம்பி. ஆனாலும் வீட்டுக்குள் அந்த டப்பா யார் கேட்டும் அவள் கையை விட்டுப் போனதில்லை.

ஒரு திங்கட்கிழமை டீ குடிக்கும்போது தம்பி மனைவி பேச்செடுத்தாள்.

"அண்ணி, வேலைக்குப் போற பொண்ணுங்க ஹாஸ்டல் ஒண்ணுல வார்டன் கேக்குறாங்க. சாப்பாடு, ரூம் எல்லாம் அங்கயே. உங்க போட்டோவ குடுத்துட்டேன்."

"எப்ப?"

"போன வாரம்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்.

"ட்ரோன் ஓட்ட சர்டிபிகேட் வாங்குன ஆளு ஒருத்தர் ஒண்ணாந்தேதியிலருந்து வர்றார்க்கா. உன் ரூம்தான் அவருக்கு சரியா வரும்."

"அப்ப நான் பாக்குற வேலை?"

"என்ன பெரிய வேலை. சார்ஜ் போடறதும் றெக்கைய கழட்டறதும்தானே."

"போறப்ப அந்த மணலையும் எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி" என்று தம்பி மனைவி சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவள் டம்ளர்களைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல ட்ரோனை எடுத்தாள். போன வாரம் ஒரு மரக்கிளையில் இடித்துக் கீழே விழுந்து வந்திருந்தது. றெக்கைகளைக் கழற்றி ஓட்டினாள். நான்கில் மற்ற மூன்று மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றாவது மோட்டார் மட்டும் திக்கியது, உதறியது, பிறகுதான் சுற்றியது. நிறுத்தித் தொட்டுப் பார்த்தாள். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, அது மட்டும் சுட்டது. எங்கோ ஒரு சாலிடர் விட்டிருக்கும். அரைமணி நேர வேலை.

இப்படி இருந்தால் சிவப்பு டேப் ஒட்டிவிட்டுத் தம்பியிடம் சொல்வது வழக்கம். டேப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது அவளுடைய அறையிலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"இந்தக் கட்டில தூக்கிட்டா ரெண்டு கம்ப்யூட்டர் வைக்கலாங்க. அலமாரிய வெளிய போட்ருவோம்."

அவள் டேப்பை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

பதினோரு மணிக்கு ஒரு ஹோட்டல் முதலாளி வந்தார். அவர் ஹோட்டலில் நடக்கும் விசேஷங்கள் அத்தனையையும் ஒரு வருடத்துக்குப் படமெடுக்கும் வேலை அவர் கையில் இருந்தது. வெளியே மழை. மெஷினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

"இங்கயே காட்டுறேன் சார். அக்கா, டப்பாவ குடு."

"நாளைக்கு மழை விட்டதும் வெளிய காட்டலாமே" என்றாள்.

"இவங்க இப்படித்தான் சார். மிக்ஸி போட்டாக்கூட வாசல்ல போய் நின்னுக்குவாங்க."

முதலாளி சிரித்தார். தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

"ரூல்ஸ் எல்லாம் ஹாஸ்டல்ல போய் போட்டுக்க. இப்ப டப்பாவ குடு."

அவள் கொடுத்தாள்.

அவன் நான்கு றெக்கைகளையும் மாட்டி, ட்ரோனைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தான். அவள் முதலாளியிடம், "சார், நீங்க அந்த சோபாவுக்குப் பின்னால நில்லுங்க" என்றாள். தம்பி மனைவியின் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்தாள். தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் ரிமோட்டை அழுத்தியதும் மேசையிலிருந்த காகிதங்கள் பறந்தன. ட்ரோன் ஒரு சாண் எழும்பியது, மூன்றாவது மோட்டார் இருந்த மூலை தாழ்ந்தது, மொத்தமும் தம்பியின் பக்கம் சரிந்தது. விழப்போகும் டம்ளரைப் பிடிப்பதுபோல அவன் வலது கையை நீட்டினான்.

ஓடிப்போய் பேட்டரியை உருவியவளும் அவள்தான். துண்டை இறுக்கிக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போனவளும் அவள்தான்.

கட்டைவிரலின் தசைநார் அறுந்திருந்தது. தைத்துவிட்டார்கள், ஆனால் பழையபடி மடங்காது என்றார் டாக்டர். தம்பி மனைவி வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வருஷமா யாரு கேட்டாலும் குடுக்காதவங்க, இன்னிக்கு மட்டும் ஏன் குடுத்தீங்க?"

"அவன் வீடு. அவன் கேட்டான், குடுத்தேன்."

அந்த வாரமே செய்தி பரவியது. வீட்டுக்குள் றெக்கையோடு ஓட்டுகிற இடத்துக்கு வரமுடியாது என்று சர்டிபிகேட்காரர் சொல்லிவிட்டார். ஹோட்டல் முதலாளி போன் செய்து, தன்னைத் தள்ளி நிற்கச் சொன்ன அம்மா பொறுப்பெடுத்துக்கொண்டால் வேலையைத் தருகிறேன் என்றார்.

மறுநாள் காலை அவள் தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு காலைல நீ ஓட்டிப் பாத்தியே. ஒண்ணும் தெரியலயா?"

"இல்லடா. நல்லாத்தான் ஓடுச்சு." காலர் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

அவன் இடது கையால் காலரைத் தளர்த்திக்கொண்டே, "ஹோட்டல் வேலைய நீ பாத்துக்கிறியா?" என்று கேட்டான்.

"பாக்கலாம்."

மத்தியானம் ஹாஸ்டலிலிருந்து அழைப்பு வந்தது. தம்பி மனைவிதான் பேசினாள். "எங்க நாத்தனார அனுப்ப முடியாதுங்க. இங்க எல்லாமே அவங்கதான்." அவள் தன் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். மூன்றாவது மோட்டாரின் சாலிடரை அதற்கு முன்பே சரிசெய்து முடித்திருந்தாள்.

கட்டுப் பிரித்த பிறகு, தினமும் இருபது தடவை விரலை மடக்கவேண்டும், வலித்தாலும் விடக்கூடாது என்றார் டாக்டர். மனைவி இரண்டு நாள் முயன்றாள். அவன் கத்துவதைப் பார்க்க முடியாமல் அண்ணியிடம் ஒப்படைத்தாள். தினமும் சாயங்காலம் அவள் அவனுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவன் கட்டைவிரலைப் பிடித்து மடக்குவாள். பத்துக்கு மேல் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"போதும்க்கா. இன்னிக்கு போதும், விட்டுரு."

"பதினாலுதான் ஆச்சு" என்று அவள் விரலை மறுபடி பிடித்தாள்.