நாலு இழுப்பு

நேற்று படப்பையில் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கரண்ட் போய், காற்றடிக்கும் மெஷின் சட்டென்று அடங்கியது. நான் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா சார், மயக்கமா? உக்காருங்க" என்று கடைக்காரர் ஸ்டூலை நகர்த்தினார். மயக்கமெல்லாம் இல்லை. காற்றடிக்கிற சத்தம் நின்றால் எனக்கு அப்படித்தான், ஐம்பது வருஷத்துக்கும் மேலாக.

அறுபதுகளின் கடைசியில் ஒரகடத்துப் பக்கம் ஏரி வேலைக்கு ஓவர்சியராகப் போனேன். புது உத்தியோகம், புது மீசை, தலைகால் புரியவில்லை. அந்தத் தை மாதம் ஏரி தளும்பி நிற்கும்போது மதகின் அடிக்கட்டு பிளந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஏரியை வடித்துவிட்டுப் பூசலாம்தான். ஆனால் கீழே வயல்களில் நவரைப் பட்டத்து நெல் நட்டிருந்தார்கள். வடித்தால் ஊருக்குச் சோறு கிடையாது. அதனால் சென்னைத் துறைமுகத்தில் முங்கி வேலை செய்கிற காதர் பாயை வரவழைத்தோம்.

அவர் கொண்டுவந்த சாமான்களைப் பார்க்க ஊரே கூடியது. பித்தளைத் தலைக்கூடு, ஈயம் வைத்த பூட்ஸ், நீள ரப்பர் குழாய், கையால் சக்கரம் சுற்றுகிற காற்றுப் பம்பு. சம்மட்டியின் கைப்பிடியைப் பாதியாக அறுத்திருந்தார். கேட்டேன். "தண்ணிக்குள்ள வீசி அடிக்க முடியாது சார், இடிக்கத்தான் முடியும்" என்றார். உளிக்கும் கடப்பாரைக்கும் தனித்தனிக் கயிறு. சிமெண்டைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி டின்னில் இறக்குவோம். அவர் இருட்டில் தடவித் தடவிப் பிளவில் அடைப்பார். ஏரிப் பாசனக்காரர்கள் நாலு பேர் சக்கரம் சுற்றினார்கள். பாயின் இடுப்புக் கயிறு என் கையில். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். நாலு இழுப்பு என்றால் தூக்கு.

மூன்றாம் நாள் தை வெள்ளி. ஊர் அம்மன் உடுக்கைச் சத்தத்தோடு கரைமேல் வந்தாள். மதகுக்கு நேரே நிறுத்திக் கற்பூரம் காட்டினார்கள். பழக்கதோஷம் என்பதா, பாழாய்ப்போன புத்தி என்பதா! சக்கரத்தைப் பிடித்திருந்த எட்டுக் கைகளும் தலைக்கு மேலே போயின. என் கைகளும் போயின. "தாயே, பயிரக் காப்பாத்து" என்று சக்கரக்காரர்களில் மூத்தவரான ஏகாம்பரம் அழுதார். பூசாரி பாடி முடிக்கும்வரை கும்பிட்டபடி நின்றோம். எவ்வளவு நேரமோ, தெரியாது. தரையில் கயிறு துடிப்பதை முதலில் பார்த்தவர் ஏகாம்பரம்தான். "அய்யய்யோ, பாய் கீழ கீறாரு!"

தூக்கினோம். முகக் கண்ணாடியைத் திருகி எடுத்தால் உதடெல்லாம் நீலம். வாந்தி எடுத்தார். மூச்சு சீராகி வெகுநேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாலு நாலா எத்தினி வாட்டி இழுத்தேன் சார். இன்னா ஆச்சு?"

"கல்லு ஒண்ணு சரிஞ்சு குழாயும் கயிறும் மாட்டிக்கிச்சு பாய். நான் கயித்த உடவே இல்ல."

எப்படி வந்தது அந்தப் பொய்? வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. ஏகாம்பரமும் மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் பாய் கடப்பாரையோடு இறங்கினார். "மொதல்ல அந்தக் கல்ல எடுத்துடறேன் சார். மறுபடி மாட்டுனா எம்புள்ளங்க நடுத்தெருவுல நிக்கும்." இல்லாத கல்லை அரைமணி நேரம் சேற்றில் துழாவினார். நான் கயிற்றைக் கை எரிய இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒழுகல் நின்றது, நவரை விளைந்தது, பாய் லாரி ஏறிப் போனார்.

இன்று அந்த ஏரியில் பாதி, கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. மிச்சத் தண்ணீர் பாய வயல் இல்லை. சக்கரம் சுற்றிய நால்வரும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ராயபுரத்தில் தேடி அலைந்து பாயின் வீட்டைக் கண்டுபிடித்தேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் யாரென்று சொன்னதும் அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்களா? உசுரு போற நேரத்துலயும் கயித்த உடாத ஓவர்சியர்னு உங்களப் பத்தி எங்க புள்ளங்களுக்கெல்லாம் சொல்லிக்கினே இருப்பாரு."

டீ கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.