ஐந்து மூட்டை மண், ஆறு குவியல்

பேய், பிசாசு, காத்துக்கருப்பு என்று என் முன்னால் யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, ஆனாலும் இன்றைக்கு அடுகோடியில் சொந்த ஷெட், எட்டுப் பேருக்கு வேலை. ஓசூர் ரோடு நெடுக நிற்கிற கட்டடங்களில் பாதிக்கு மணல் சலித்தது இந்த அந்தோணி போட்ட சல்லடைதான். பாதி என்று அடக்கமாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விவேக் நகர் கோயிலுக்குப் போவேன், மெழுகுவத்தி ஏற்றுவேன், அத்தோடு சரி. இதைப் படித்துவிட்டு, "பெரியவர் மதியம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருப்பார்" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அன்றைக்கு நான் குடித்தது மோர். நடந்தது பட்டப்பகல் மூன்று மணிக்கு.

போன வருஷம் ஒரு அம்மா ஷெட்டுக்கு வந்தார். பெயர் மாலதி, ஊர் தருமபுரிப் பக்கம், வயது நாற்பது இருக்கும். கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தவர், ஹெப்பகோடியில் வாடகை வீடு.

"அங்கிள், கடுகுகூட கீழே போகாத மாதிரி சல்லடை வேணும்."

"எதை சலிக்கப் போறேம்மா?"

"எலிப் பல்லு."

"எலியை விரட்டுறவங்களைப் பாத்திருக்கேன். எலியை சலிக்க வந்தது நீதான் முதல் ஆளு!"

அவரும் சிரித்தார். பிறகு சொன்னார், நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஆந்திராப் பக்கம் ஒரு குகை. உலகத்தில் பாதி பனி மூடிக் கிடந்த காலத்தில் அந்தக் குகையில் ஆந்தைகள் இருந்தனவாம். எலியைப் பிடித்து முழுசாக விழுங்கும், செரிக்காத எலும்பையும் பல்லையும் உருண்டையாகக் கக்கும். அதன்மேல் மண் விழும், மறுபடி கக்கும், மறுபடி மண். இப்படியே பல ஆயிரம் வருஷம். ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு எலி. எந்த எலி எந்த அடுக்கில் கிடக்கிறது என்று பார்த்தால் அந்தக் காலத்தில் இங்கே மழை பெய்ததா, காடு இருந்ததா, எல்லாம் சொல்லிவிடலாமாம். ஒரு எலிப் பல் இவ்வளவு பேசுமா என்று எனக்கு ஆச்சரியம். சல்லடை போட்டுக் கொடுத்தேன், மண்ணை அலசிக்கொள்ள ஷெட்டின் பின்பக்கத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் விட்டுக் கொடுத்தேன்.

ஐந்து அடுக்கு, ஐந்து மூட்டை. ஒவ்வொரு மூட்டையையும் அலசி, சல்லடையில் நின்றதை நான்கு நான்கு தட்டில் காயவைத்து, தட்டுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தார். அந்தக் குகை இப்போது இல்லை, கல் குவாரிக்காக உடைத்துவிட்டார்கள். இனி ஒரு பிடி மண்கூடக் கிடைக்காது. மூன்று வருஷ உழைப்பு அந்த இருபது தட்டில் இருந்தது. இதையும் அவர் என்னிடம் சொல்லியிருந்தார். சொல்லியும் நான் செய்தேன் பாருங்கள்.

அன்று ஞாயிறு, ஆட்கள் லீவு. பூசை முடிந்து நேரே ஷெட்டுக்கு வந்தேன். மாலதி யாரிடமோ கையெழுத்து வாங்கப் போயிருந்தார். தட்டுகள் தரை முழுக்கப் பரப்பிக் கிடந்தன, மண் நன்றாகக் காய்ந்திருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே கண் சல்லடையில் நின்றது எல்லாம் ஒரே குவியல். எந்த லாரியில் வந்தது, எந்த ஆற்றில் அள்ளியது என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. தார்ப்பாயை விரித்து இருபது தட்டையும் ஒன்றாகக் கொட்டி, கையால் துழாவி, அழகாகக் குவித்து, சீட்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். அந்த அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டேன் என்று பெருமை வேறு!

மாலதி வந்தார், பார்த்தார். "அங்கிள், தட்டெல்லாம் எங்கே?"

"கழுவி வெச்சிட்டேம்மா. சரக்கு எல்லாம் ஒரே சைசு, இதோ ஒண்ணாப் போட்டாச்சு."

அவர் கத்தவில்லை. சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு அங்கிள். இனிமே இது வெறும் மண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, ஆசிரியருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வெளியே போனார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவமானத்தில் உடம்பு எரிந்தது. சல்லடை சின்னதையும் பெரியதையும் பிரிக்கும். இந்தக் குழி மண், அந்தக் குழி மண் என்று பிரிக்கிற சல்லடை உலகத்தில் கிடையாது. அது எனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த சல்லடைகள் அத்தனையும், அறுபது எழுபது இருக்கும், கம்பி அதிர்கிற மாதிரி மெல்ல முனகின. காற்று இல்லை, மின்விசிறி ஓடவில்லை. தகரக் கூரை ஓட்டை வழியாக வெயில் நேராகத் தார்ப்பாயில் விழுந்திருந்தது. அந்த வெயிலில், நீங்கள் நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி, குவியல் நகர்ந்தது! தார்ப்பாய் அசையவில்லை. அதன்மேல் இருந்த பொடிக்கல்லும் பல்லும் எறும்பு போல ஊர்ந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வழி விட்டு வழி விட்டு. எட்டுப் பேரை மேய்க்கிற நான் இரண்டு காலையும் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டேன். ஒரு டீ குடிக்கிற நேரம் நடந்திருக்கும். முனகல் நின்றது. எல்லாம் நின்றது. ஒரே குவியலாக இருந்தது தனித்தனிக் குவியல்களாகக் கிடந்தது.

நான் போட்ட கூச்சலில் மாலதி ஓடிவந்தார், பின்னாலேயே பக்கத்து லேத் பட்டறை பஷீர் பாய்.

"கியா அந்தோணி, பாம்பா?"

"பாம்பு இல்ல பாய், பல்லு! பல்லு நடந்துச்சு!"

"உன் பல்லா? வயசாச்சுல்ல, நடக்கும் நடக்கும்."

மாலதி சிரிக்கவில்லை. மூட்டைக்கு ஒரு பிடியாக அலசாத மண்ணைப் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தார். லென்சை வைத்து, பல் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணையும் பாட்டில் மண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். செம்மண் ஒட்டியது எல்லாம் ஒரு குவியல். சாம்பல் நிறம் ஒரு குவியல். மஞ்சள் ஒன்று. ஒரு மணி நேரம் பார்த்தார். "அஞ்சும் கரெக்டா இருக்கு அங்கிள். ஒண்ணுகூட மாறல." அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாலதி, குவியல் ஆறும்மா," என்றேன்.

கடைசியில் ஒரு கைப்பிடி அளவுக்கு இன்னொன்று இருந்தது. அதில் ஒரு பல்லை எடுத்து லென்சில் பார்த்தார். "இது குகை எலி இல்ல. நம்ம ஊர்ச் சாக்கடைப் பெருச்சாளி." விரலில் உருட்டினார். "ஆனா மத்ததைவிட நல்லாக் கல்லாயிருக்கு. இது எப்படி?" மேலும் கிளறினார். திடீரென்று விரல் நின்றது. எதையோ எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அங்கிள், கொஞ்சம் வாயைத் திறங்க."

திறந்தேன். என் வலது கடைவாயில் ஒரு பல்லுக்குத் தங்க மூடி போட்டிருக்கிறது. சிவாஜி நகரில் போட்டது, பாக்கு கடித்து அதன் ஓரம் மட்டும் மடங்கியிருக்கும். மாலதி பார்த்தார், பிறகு கையை விரித்தார். மனிதப் பல், கருத்துக் கல்லாகிப்போனது. அதன் மேல் தங்க மூடி. ஓரம் மடங்கியிருந்தது.

அந்த அம்மா ஐந்து அடுக்கையும் எழுதி முடித்துப் பட்டம் வாங்கிவிட்டார். ஆறாவது, இனிமேல்தான் விழப்போகிற அடுக்கு என்று என்னிடம் மட்டும் சொன்னார், வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பல் தீப்பெட்டியில் போட்டு என் பீரோவில்தான் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் என் நாக்கு முதலில் வலது கடைவாய்க்குத்தான் போகிறது. என் பல் அங்கேயே இருக்கிறது, ஆடக்கூட இல்லை.