மாசியில் வந்த வெள்ளம்

அந்த ஜெராக்ஸ் தாளின் மேல் பெரியப்பாவின் விரல் வரிவரியாக இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மொரீசியஸ் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கூலியாகக் கப்பலேறிய ஒருவரின் பதிவுத் தாள் அது. பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், இடது முழங்காலில் ஒரு தழும்பு. அடுத்து ஊர். அங்கே வந்ததும் பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஊருல்லா இது" என்றார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே இருக்கும் எங்கள் சொந்த ஊர். தாளைக் கொண்டுவந்த, அவர் வம்சத்துத் தீவுக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இவள் என் கூடப்பிறந்தவள் என்றார். அவர் போட வந்திருந்த நாடகத்தை ஊர்க் கோயிலுக்கு முன்னாலேயே போடலாம் என்று வாக்கும் கொடுத்தார். பிறகு விரல் இன்னும் ஒரு வரி இறங்கியது. அது சாதி. தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். பெரியப்பா திருநெல்வேலியில் ஒரு கலை மன்றத்தின் தலைவர். கடல் கடந்த தமிழர் என்று மேடையில் சொல்லும்போதெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். மன்றத்துக்கு வெளிநாட்டார் வந்தால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழும். தீவுக்காரம்மா எட்டுப் பேரோடு கொண்டுவந்தது ஓர் இசை நாடகம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேத்திகளும், கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரன்களும் மேடையில் ஒரே கப்பலில் நின்று பாடுவார்கள். தீவின் கலப்பு மொழியான கிரியோலில் பாட்டு ஒன்று உரத்து எழும். அது அடங்கும்போது ஒரு தமிழ்த் தாலாட்டு கேட்கும். கப்பல் கிளம்பும் இடத்தில் தீவுக்காரம்மா பறை அடிப்பார். அவர்கள் தீவில் காவடிக்கு முன்னால் போகும் வாத்தியம் அது, தகப்பனாரிடம் கற்றது. முன்னோர் விட்டுப் போன ஊரில் அதை ஒருமுறை அடிக்க வேண்டும், அதற்காகவே வந்தேன் என்றார். தமிழ் அவருக்குப் பாட்டாக மட்டுமே தெரியும். தாளில் இருந்த அந்தச் சாதிச் சொல் அவருக்கு ஒரு குடும்பப் பெயர் மாதிரி; மன்றத்தில் கண்டவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினார். தாமிரபரணிக் கரையில் பிறந்த யாரும் செய்யாத தவறு அது.

அன்று மாலை பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, ஆத்துல வெள்ளம், ஊருக்குள்ள போவ முடியாதுன்னு சொல்லிரு. நாடகத்தை நம்ம மன்ற மண்டபத்துலயே போட்டுக்கிடுவோம். அந்த மேளம் மட்டும் வேண்டாம், எதிரொலிக்கும்னு பைய எடுத்துச் சொல்லு. மிருதங்கத்துக்கு நம்ம ஆளு இருக்கு."

மாசியில் வெள்ளமாம். கேட்டால் ஆடு மாடுகூடச் சிரிக்கும். நான் சிரிக்கவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. வகுப்பில் மணி அடிக்கும்வரை சமத்துவம் பேசுகிறவள், தீவுக்காரம்மா தங்கியிருந்த விடுதிக்குப் போய் அதை அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். பாபநாசத்தில் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். ஊர்க்காரர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்டார். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பெரியப்பா வீட்டுக்குத் திரும்பினால், தாளைக் காட்ட வந்தபோது அவர் தண்ணீர் குடித்த செம்பைப் பெரியம்மா புளி போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றியிருந்தாள்.

நாடகம் மண்டபத்தில் நடந்தது. கப்பல் கிளம்பும் இடத்தில் மிருதங்கம் கச்சேரி வாசித்தது. தீவுக்காரம்மா வெறுங்கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் பெரியப்பா மேடையேறி, கடல் பிரித்தாலும் நாமெல்லாம் ஒரே ரத்தம் என்று முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தீவுக்காரம்மா மனம் நெகிழ்ந்து அவர் காலைத் தொடக் குனிந்தார். பெரியப்பா இரண்டடி பின்னால் போனார். ஏன் என்பதுபோல் குனிந்தவர் என்னைப் பார்க்க, பெரியவர்கள் தன்னடக்கத்தால் அப்படிச் செய்வார்கள் என்றேன். அதையும் சொன்னது என் வாய்தான்.

பெரியப்பா இப்போது இல்லை. மன்றத்தின் நினைவு மலருக்கு, கடல் கடந்த தமிழருக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பற்றி நான் எழுத வேண்டுமாம். பக்கத்தில் இருந்து பார்த்தவளாம். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நாடகத்துக்கு மறுநாள் மாலை அவர்களை வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். காலையில் தனியாகப் பஸ் ஏறி ஊருக்குப் போய்வந்தேன் என்றார் தீவுக்காரம்மா. ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர், பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள் என்றார். அவர் தோளில் தொங்கிய பறையைப் பார்த்த கண்டக்டர், கேட்காமலே ஊருக்கு வெளியே கிழக்கில் இருந்த தெருவுக்கு வழி காட்டினாராம். அங்கே ஓலைத் தீயில் பறையைக் காய்ச்சி, தெருக்காரர்களோடு சேர்ந்து மதியம்வரை அடித்தாராம். கிளம்பும்போது, பிசான நெல் அறுப்பிலிருந்து வந்த ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாளாம். புரியவில்லை, எழுதி வாங்கி வந்தேன் என்று நாடக நோட்டீஸின் பின்பக்கத்தை நீட்டினார். பென்சில் எழுத்து.

"போனவங்க பொழைச்சிட்டாவ. நீங்க எதுக்கும்மா இங்கன திரும்பி வந்திய?"

இனிப்பாக எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்குத்தான் பழக்கமாயிற்றே. அந்த ஒரு தடவை மட்டும், இருந்தது இருந்தபடி மொழிபெயர்த்தேன்.  அவர் நோட்டீஸை என் கையிலேயே விட்டுவிட்டு, இதை உன் பெரியப்பாவிடம் காட்டு என்று சொல்லி வண்டியேறினார்.

பெரியப்பாவுக்கு அது புரிய மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவர் சாகும்வரை நான் காட்டவில்லை.